காக்கும் மருந்தும் உறையும் இரத்தமும்

குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயைப் பற்றி நம் ஜனங்களிடையே இரு வேறு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. வந்துவிட்டால் பிழைப்பு இல்லை என்பது ஒன்று. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் அப்புறம் எல்லாம் வைத்தியர் பொறுப்பு என்பது மற்றொன்று. முதலாவது அபிப்பிராயம் பொய்யாகிப் பல்லாண்டுகளாகிவிட்டன. இரண்டாவதைப் பற்றியே இன்று எழுத முற்படுகிறோம். ஏனெனில், சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் குழந்தைக்கு நேரக்கூடிய ஓர் அபாயத்தை முதலில் காணப்போகிறவர் பெரும்பாலும் வைத்தியர் அல்லர்; வீட்டில் பக்கத்தில் படுத்திருக்கும் தாயாரே. அந்த அபாயம், இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைந்துவிடுதல்.

இரத்தப் புற்று கண்ட குழந்தைக்கு ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசியும் என்றல்லவா கேட்டிருக்கிறோம், உறைவது எங்ஙனம் என்று வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. இரத்தத்தைக் கட்டி நிறுத்தும் தட்டணுக்கள் அந்நோயில் குறைந்துபோவதால் கசிவு உண்டாவது மெய். ஆயினும் அதே குழந்தையின் உடலில், வேறோரிடத்தில், உறைவும் உண்டாகக்கூடும் என்பதை வைத்தியர்கள் ஐயமறக் கண்டிருக்கிறார்கள். 2006-ம் வருஷத்தில் பிரசுரமான ஒரு தொகுப்பாராய்ச்சியில், 17 ஆராய்ச்சிகளில் இடம்பெற்ற 1,752 குழந்தைகளின் விவரங்கள் ஒன்றுசேர்த்துக் கணக்கிடப்பட்டன. நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று மேலாகவே உறைவு நேர்ந்திருந்தது. நேர்ந்தவற்றில் பெரும்பாலானவை சிகிச்சையின் முதற் கட்டத்தில் நேர்ந்தவை. வெளிக்குத் தெரியாத உறைவுகளையும் கருவிகள் கொண்டு தேடினால் தொகை பன்மடங்கு ஏறுகிறது. வட அமெரிக்காவில் அவ்வாறு தேடிய ஒரு பரிசோதனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் ஏதேனுமோர் உறைவு காணப்பட்டது. அவற்றுள் பல தொல்லை தராமலே கரைந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் மூளையின் சிரைகளில் உண்டாவது அப்படிப்பட்டதன்று.

இந்த உறைவு சிகிச்சையோடு சேர்ந்தே வருகிறது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சொல்லும்போதே அச்சிகிச்சை என்ன செய்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிடில் நாம் பாதி உண்மை பேசினவராவோம்.

1940-களில் கடுமையான இரத்தப் புற்று கண்ட குழந்தை சில வாரங்களிலோ சில மாதங்களிலோ மாண்டது. அந்த இருளில் முதல் விளக்கை ஏற்றியவர்களில் ஒருவர் நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ம் வருஷம் பீமவரத்தில் பிறந்தவர். காந்தியடிகளின் அறைகூவலுக்கு இணங்கி அறுவைச் சிகிச்சை அறைக்குக் கதர் அங்கி அணிந்து சென்றவர். அதனால் பேராசிரியர் பிராட்பீல்டின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். அவர் அமெரிக்கா சென்று லெடர்லி ஆராய்ச்சிச் சாலையில் தம் சகாக்களோடு உருவாக்கிய அமினாப்டெரின் என்னும் மருந்தை, பாஸ்டன் நகரத்து சிட்னி பார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பத்துப் பேரிடம் நோய் தணிந்தது. 1948-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அச்செய்தி வெளியாயிற்று. அவ்வருஷம் ஆகஸ்டு மாதமே சுப்பாராவ் காலமானார். அம்மருந்தின் இனத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றளவும் இந்நோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. கதர் அங்கியைப் பொறுக்காத கல்லூரி இன்று தன் பழைய மாணவர் பட்டியலில் அவர் பெயரைப் பெருமையோடு சேர்த்துக்கொள்கிறது என்பதை வழியில் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

அடுத்துவந்த மருந்துகளில் ஒன்றுதான் நம் விஷயத்துக்கு உரியது. அதன் பெயர் எல்-அஸ்பராஜினேஸ். 1953-ம் வருஷத்தில் ஜான் கிட் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, கினிப்பன்றியின் இரத்தநீர் எலிகளின் ஒருவகைப் புற்றைக் கரைப்பதைக் கண்டார். அதிலுள்ள எந்தப் பொருள் அவ்வேலையைச் செய்கிறது என்பதை 1961-ல் புரூம் என்பவர் தெளிவாக்கினார். அஸ்பராஜின் என்பது புரதங்களைக் கட்டுவதற்கு வேண்டிய ஒரு சிறு பொருள். ஐரோப்பியர் உண்ணும் அஸ்பராகஸ் தண்டிலிருந்து 1806-ம் வருஷத்தில் முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்டதால் அப்பெயர் பெற்றது. நம் நாட்டு வைத்தியத்தில் வழங்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு அதே இனத்துச் செடியினது. (இதைப் படித்துவிட்டுக் குழந்தைக்கு அக்கிழங்கைக் கொடுக்கலாமா, நிறுத்தலாமா என்று எவரும் ஆராய வேண்டியதில்லை. மருந்துக்கும் கிழங்குக்கும் பெயரளவில்தான் உறவு.)

நம் உடலின் ஏனைய அணுக்கள் அஸ்பராஜினைத் தாமே ஆக்கிக்கொள்ளும். இரத்தப் புற்றணுக்களுக்கோ அந்தத் திறமை மிகக் குறைவு; இரத்தத்தில் மிதந்துவருவதை வாங்கித் தின்றே அவை வாழ்கின்றன. அஸ்பராஜினேஸ் ஊசி இரத்தத்திலுள்ள அஸ்பராஜினைச் சிதைத்துவிடுகிறது. பகைவனின் கோட்டைக்குள் தானியம் போகாமல் தடுத்து முற்றுகையிடுவது போன்ற யுத்தி இது. ஆனால் முற்றுகையில் கோட்டைக்காரன் மட்டுமா பட்டினி கிடக்கிறான்? கல்லீரலும் சிறிது பட்டினி கிடக்கிறது. இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களையும், அளவுக்கு மிஞ்சி உறையாமல் தடுக்கும் புரதங்களையும் செய்து அனுப்புவது கல்லீரலே. இரண்டின் உற்பத்தியும் குன்றுகின்றன. தடுக்கும் புரதங்களில் தலையாயதான ஆன்டித்ராம்பின் குறைந்துபோகும்போது தராசு உறைவின் பக்கம் சாய்கிறது.

அத்துடன் நிற்பதில்லை. அதே வாரங்களில் பிரெட்னிசோலோன் அல்லது டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தும் கொடுக்கப்படுகிறது. அது உறையச் செய்யும் பொருள்கள் சிலவற்றை ஏற்றிவிடுகிறது. திரும்பத் திரும்ப ஊசி குத்துவதைத் தவிர்க்கும்பொருட்டுக் கையிலோ கழுத்திலோ பெரிய சிரைக்குள் மெல்லிய குழாய் ஒன்று செருகப்பட்டிருக்கும். அதைச் சுற்றியும் இரத்தம் உறையலாம். குழந்தை சோர்ந்து படுத்திருக்கிறது. வாந்தியாலோ பேதியாலோ உடலில் நீர் வற்றுகிறது. காய்ச்சலும் கிருமித் தொற்றும் சேர்கின்றன. இரத்தத்தின் ஓட்டம் மந்தப்படுதல், குழாயின் சுவர் காயப்படுதல், இரத்தத்தின் இயல்பு மாறுதல் என்று மூன்று காரணங்கள் உறைவுக்கு உண்டென வைத்திய நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியரான பிர்ச்சோவின் பெயரோடு சேர்த்துக் கூறும். இந்தக் குழந்தையிடம் மூன்றும் ஒருங்கே குடிகொண்டிருக்கின்றன. பத்து வயதைக் கடந்த சிறுவர் சிறுமியருக்கு அபாயம் இன்னும் அதிகம்.

இனி சேக்காட்டுக்கு வருவோம். ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்த இந்த ஊர் ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடையில் இருக்கிறது. தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலை செய்து ஜீவிக்கும் குடும்பங்கள் இங்கு நிறைய உண்டு. இவ்வூர்க் குழந்தை ஒன்றுக்கு இரத்தப் புற்று காணுமாயின், எழும்பூர் ஹால்ஸ் சாலையிலுள்ள அரசினர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ, 1954-ம் வருஷத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஸ்தாபித்த அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோதான் பெரும்பாலும் அழைத்துச் செல்ல நேரும். ஆவடியிலோ இந்துக் கல்லூரி நிலையத்திலோ மின்சார ரயில் ஏறி, இருபது கிலோமீட்டருக்கு மேல் கடந்து, சென்ட்ரலில் இறங்கி, பிறகு பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். முதல் மாதத்தில் சில நாட்கள் குழந்தை வார்டில் இருக்கும். சற்றுத் தெளிந்ததும் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஊசி போடும் நாட்களில் திரும்ப வர வேண்டும். படுக்கைகள் குறைவாயும் நோயாளிகள் மிகுதியாயும் உள்ள தேசத்தில் இதைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால் இதன் பொருள் யாது? உறைவு நேர்வதற்கு வாய்ப்பு மிகுந்த அந்த வாரங்களிலேயே குழந்தை சேக்காட்டிலும் ஆஸ்பத்திரி எழும்பூரிலும் இருக்கின்றன.

ஓரிரவு குழந்தை தலையைப் பிடித்துக்கொண்டு அழுவதாக வைத்துக்கொள்வோம். தகப்பனார் இரவு ஷிப்டில் இருக்கிறார். தாயார் என்ன நினைப்பாள்? வெயிலில் ரயிலேறி வந்த களைப்பு என்று நினைப்பாள். சாப்பிடாததால் வந்த தலைவலி என்று நினைப்பாள். பக்கத்து வீட்டம்மாள் கண்ணேறு என்பாள். தெருமுனை மருந்துக் கடையில் வலி மாத்திரை கிடைக்கும். இவர்களை நகைக்க நமக்கு மனமில்லை. ஏனெனில் கற்றறிந்த வைத்தியரே இவ்விடத்தில் தடுமாறுவதுண்டு. நோய் மூளைக்குள் புகாமல் தடுப்பதற்காக இக்குழந்தைகளுக்கு முதுகுத்தண்டில் ஊசி போடுகிறார்கள். அவ்வூசிக்குப் பிறகு தலைவலி வருவது சகஜம். ஆகவே “முதுகில் ஊசி போட்டதால் வந்தது, படுத்தால் சரியாகும்” என்று ஒருவர் சொன்னால் அதில் தவறு காண முடியாது. ஊசியால் வந்த தலைவலி படுத்தால் பெரும்பாலும் தணிகிறது. மூளைச் சிரையில் உறைவு கண்டால் படுத்திருக்கும்போதே அதிகரிப்பதுண்டு. ஆனால் இந்த வித்தியாசத்தையும் முழுதும் நம்பலாகாது. சிரைகளைக் காட்டும் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. படமே தீர்ப்புக் கூற வல்லது.

ஆகையால் தாயார் அறிய வேண்டியது வியாதியின் பெயரன்று. எதைக் கண்டால் விடியும்வரை காத்திராமல் புறப்பட வேண்டும் என்பதே. ஓயாத தலைவலி, அதனோடு வாந்தி, மயங்கித் தூங்கிவிழுதல், பார்வை மங்குதல், பேச்சுக் குழறுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், வலிப்பு ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் மூளையைச் சந்தேகிக்க வேண்டும். குழாய் செருகிய பக்கத்துக் கையோ கழுத்தோ முகமோ வீங்கிச் சிவந்து வலித்தால், அல்லது குழாயில் மருந்து ஏறாமல் அடைத்துக்கொண்டால், அங்கே உறைவு இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்குதலும் அவ்வாறே. திடீரென மூச்சுத் திணறி நெஞ்சு வலித்தால் உறைகட்டி நுரையீரலுக்குச் சென்றிருக்கக் கூடும். 108-ஐ அழைப்பதற்கு அதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. இன்னொன்று: தட்டணு குறைந்த இக்குழந்தைகளுக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளை வைத்தியரைக் கேளாமல் கொடுக்கவே கூடாது.

இவை ஒன்றும் ரகசியமல்ல. ஆஸ்பத்திரியில் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் சம்மதப் பத்திரத்தில் இவை எங்கேயோ இருக்கத்தான் செய்யும். அப்பத்திரம் எந்த பாஷையில், எத்தனை சிறிய எழுத்தில் இருக்கிறது, குழந்தைக்குப் புற்று என்று கேட்டு நிலைகுலைந்து நிற்கும் ஒருவர் எந்த மனோநிலையில் அதில் கையெழுத்திடுகிறார் என்பதே கேள்வி. கையெழுத்து இருந்தால் சம்மதம் இருந்தது என்று கொள்வது வக்கீல்களுக்கு வசதியான கொள்கை. அத்தொழிலில் உள்ளவராதலால் இதைச் சொல்ல நமக்கு உரிமையுண்டு. 2008-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் நம் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் இவ்விஷயத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், வேறு வழிகள், கணிசமான அபாயங்கள், சிகிச்சையை மறுத்தால் நேரும் தீமை இவை யாவும் நோயாளிக்குப் போதிய அளவு தெரிவிக்கப்பட வேண்டும் என்பது அத்தீர்ப்பு. கூடவே, வெகு தூரத்து அபாயங்களை எல்லாம் அடுக்கி நோயாளியைப் பயமுறுத்தி, அவசியமான சிகிச்சையையே அவர் மறுக்கும்படி செய்ய வேண்டியதில்லை என்றும் நீதிபதிகள் வரம்பு கட்டினார்கள். விவேகமான வரம்பு. ஆனால் நூற்றுக்கு ஐந்து என்பது வெகு தூரத்து அபாயமா? நாம் அப்படி நினைக்கவில்லை. மேலும், இந்த அபாயத்தை வெளியிடுவதன் முக்கியப் பயன் சம்மதம் பெறுவதுகூட அன்று. தெரிந்திருந்தால் தாயார் ஆறு மணி நேரம் முந்திப் புறப்படுவாள். அதற்காகவே சொல்ல வேண்டும்.

பெற்றோர் பயந்துவிடுவார்கள் என்ற ஆட்சேபத்தை நாம் அறிவோம். அது அற்பமான ஆட்சேபமன்று. இந்தியாவில் இரத்தப் புற்று கண்ட குழந்தைகளில் பலர் நோயால் அன்றி, சிகிச்சையை நடுவில் கைவிட்டதால் மாள்கிறார்கள் என்று வைத்தியர்கள் நெடுநாளாக வருந்தி வருகிறார்கள். 1970-களில் இந்நாட்டில் ஐந்தில் ஒரு குழந்தைகூடப் பிழைக்கவில்லை. 1984 முதற்கொண்டு அடையாறு நிலையம், பம்பாய் டாடா நினைவு ஆஸ்பத்திரி, டில்லி எய்ம்ஸ் மூன்றும் ஒரே முறையான சிகிச்சையைக் கைக்கொண்ட பிறகு ஏறக்குறையப் பாதிப் பேர் பிழைக்கலாயினர். எம்.சி.பி. 841 என்னும் அம்முறையிலும் அஸ்பராஜினேஸ் இருந்தது. செல்வ நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள் என்றால் அதிலும் இம்மருந்தின் பங்கு பெரிது. எனவே, உறைவுக்கு அஞ்சி மருந்தை விடுவது, படகு ஆடுகிறது என்று நடு ஆற்றில் குதிப்பதாகும். ஆனால் அச்சம் பிறப்பது சொல்வதால் அன்று. சொல்லாமல் விட்டு, பிறகு நேர்ந்ததும், “மருந்தே குழந்தையைக் கெடுத்தது” என்ற வதந்தி தெருவில் பரவுவதால்தான்.

முன்கூட்டியே தடுக்க வழியில்லையா என்றால், உலகம் அதை முயன்றுகொண்டிருக்கிறது. ஜெர்மனியில் 949 குழந்தைகளை மூன்று பிரிவாக்கிச் செய்த பரிசோதனையின் முடிவு 2019-ல் வெளியாயிற்று. சிறிதளவு சாதாரண ஹெப்பாரின் பெற்றவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு உறைவு கண்டது. இனாக்ஸாபாரின் என்னும் ஹெப்பாரின் வகையைப் பெற்றவர்களில் நூற்றுக்கு மூன்றரை. ஆன்டித்ராம்பினையே ஊசியாகப் பெற்றவர்களில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. மிக நல்லது என்று சொல்லப்போனால், ஆன்டித்ராம்பின் பெற்ற பிரிவினரிடம் புற்றுநோய் சிகிச்சையின் பிற்காலப் பலன் சிறிது குறைந்ததாக ஒரு கணக்கில் தென்பட்டது. அது வைத்தியர்களைத் தயங்க வைத்தது. பிறகு, வாயால் உட்கொள்ளும் அபிக்ஸபான் என்னும் மருந்தைக் கொண்டு 512 குழந்தைகளிடம் செய்த சோதனையின் முடிவு 2024-ல் வந்தது. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 12, பெறாதவர்களில் நூற்றுக்கு 18. இவ்வித்தியாசம் தற்செயலாயும் இருக்கலாம் என்று கணித நிபுணர் கைவிரித்தனர். உடல் பருத்த குழந்தைகளுக்கு மட்டும் தெளிவான நன்மை காணப்பட்டது. ஆக, எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே விதியாகத் தடுப்பு மருந்து கொடுக்கலாம் என்று சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. தட்டணு குறைந்த குழந்தைக்கு இரத்தத்தை இளக்கும் மருந்தைக் கொடுப்பதில் உள்ள இக்கட்டு எவருக்கும் விளங்கும். தடுப்பு உறுதியாகாத இடத்தில் சீக்கிரம் கண்டுபிடித்தலே கைவசமுள்ள காப்பு.

கண்டுபிடித்துவிட்டால் சிகிச்சை உண்டு. இனாக்ஸாபாரினைத் தோலுக்கடியில், வழக்கமாக நாளுக்கு இரு வேளை, சில மாதங்கள் செலுத்துகிறார்கள். அந்த ஊசியைப் போடத் தாய்மாரே கற்றுக்கொள்கிறார்கள். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: ஹெப்பாரின் இனத்து மருந்துகள் ஆன்டித்ராம்பினின் துணைகொண்டே வேலை செய்பவை, அஸ்பராஜினேஸோ அதையே குறைத்து வைத்திருக்கிறது. ஆதலால் அளவு போதுமா என்று இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தட்டணு மிகக் குறைந்தால் மருந்தைக் குறைக்க வேண்டும். முதுகுத்தண்டு ஊசிக்கு முன் நிறுத்திவைக்க வேண்டும். எந்த வேளை ஊசி போட்டது என்று தாயார் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் குறித்து வந்தால் வைத்தியருக்குப் பேருதவி. உறைவு வந்ததென்று தெரிந்தால் புற்றுநோய் மருந்தையே நிறுத்திவிடுவார்களோ என்று எண்ணி அறிகுறியை மறைப்பவர்களும் உண்டு. மறைக்க வேண்டியதில்லை. உறைவு கட்டுப்பட்டபின், இரத்தத்தை இளக்கும் மருந்தின் காவலில், அநேகக் குழந்தைகளுக்கு அஸ்பராஜினேஸை மீண்டும் கொடுக்க முடிகிறது.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. முதல் அஸ்பராஜினேஸ் ஊசிக்கு முன்பே, வார்டிலுள்ள நர்ஸம்மாள் உட்கார்ந்து வாசித்துக் காட்டி, பெற்றோர் திரும்பச் சொல்லக் கேட்டு, கையில் கொடுத்தனுப்பத் தக்க ஒரே ஒரு தமிழ்த் தாள் வேண்டும். மேலே சொன்ன அறிகுறிகள் பெரிய எழுத்தில் ஒரு பக்கம். மறுபக்கத்தில், சேக்காட்டிலிருந்து நள்ளிரவில் வரும் குழந்தையை முதலில் பார்க்கப்போகும் ஆவடி அரசினர் ஆஸ்பத்திரி வைத்தியருக்கான நான்கு வரிகள்: இக்குழந்தை இரத்தப் புற்றுக்குச் சிகிச்சை பெறுகிறது, இன்ன தேதியில் அஸ்பராஜினேஸ் போடப்பட்டது, தலைவலியோ வலிப்போ கண்டால் மூளைச் சிரையில் உறைவு இருக்கலாம், தசையில் ஊசி போடாமல், எங்களை அழைத்துவிட்டு உடனே அனுப்பவும். அதற்கடியில், இரவு நேரத்தில் எவரேனும் எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண்.